கயிறு பிடிப்பவர் யார்?



வானம் பார்த்த பூமி என்று பெயர் பெற்றது நம் தருமபுரி மாவட்டம். கடல் அலையைக் காண வேண்டுமாயின் பல மணி நேரம் பேருந்தில் பயணம் செய்தாக வேண்டும். அப்படியிருக்க, அதியமான்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு, ஆழ்கடலிலும் நீர் நிறைந்த குகைகளிலும் மூழ்குவோரையும் அவர்களுக்குப் பயிற்சி தருவோரையும் பற்றிக் கட்டுரை எழுதுவானேன் என்று தோழியர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பு நியாயமானதே! ஆயினும், பள்ளிப் படிப்பை முடித்துச் செல்லும் அக்காமார் பலர் இன்று புதுச்சேரிக்கும் அந்தமானுக்கும் சுற்றுலா செல்கின்றனர். அங்கே முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன்களைப் பார்த்துவிட்டு வருகின்றனர். நாளை நாமும் செல்லலாம். செல்லாவிட்டாலும், நம் வீட்டுப் பிள்ளைகள் நீச்சல் பழகும் கிணறு நம் தோட்டத்திலேயே இருக்கிறது.

ஓர் உயிரைத் தன் கையில் வாங்கிக்கொண்டு கற்பிக்கிறவருக்கு இருக்க வேண்டிய ஒழுக்கம் யாது? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். நீருக்கடியில் கற்பிப்பவர் எவ்வளவு வீரராகவும் இருக்கட்டும்; எவ்வளவு ஆழம் சென்றவராகவும் இருக்கட்டும். "உனக்கு இன்னும் பயிற்சி போதாது, இன்று வேண்டாம்" என்று மாணவரிடம் சொல்லத் துணிவும், அப்படிச் சொல்வதால் வரும் பண நட்டத்தை ஏற்கும் மனமும் அவரிடம் இல்லையானால் அவர் ஆசிரியர் ஆகார்.

தூத்துக்குடிக் கயிறு

உலகுக்குப் புதிதாகத் தோன்றும் இக்கலை தமிழருக்குப் பழையது. கொற்கை முத்தின் புகழை நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தலும் சங்கு குளித்தலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த தொழில்கள். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டில் நடந்த முத்துக்குளிப்பே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பாக அமைந்தது. குளியாளி கனமான கல்லொன்றைத் துணையாகக் கொண்டு விரைவாக அடியில் இறங்குவார். மூச்சை அடக்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் திரட்டுவார். பின் கயிற்றை அசைத்து அறிவிப்பார். தோணியில் நிற்பவர் உடனே இழுத்து மேலே கொண்டுவருவார்.

அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்பதைப் பற்றி நம் கடற்கரை மக்களிடையே ஒரு பேச்சு வழங்குகிறது. குளியாளியின் மனைவியுடைய உடன்பிறந்தவன், அதாவது மைத்துனன்தான் கயிறு பிடிக்க வேண்டுமாம்! ஏன்? தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதை அறிந்தவன் கண்ணயர மாட்டான். கை தளர மாட்டான். "இன்னும் நாலு சிப்பி எடுக்கட்டுமே" என்று காலம் தாழ்த்தவும் மாட்டான். எவ்வளவு ஆழ்ந்த அறிவு இது! கடலில் இறங்குகிறவனின் உயிரைவிட முத்தைப் பெரிதாக நினைக்கிறவன் கையில் கயிற்றைக் கொடுக்கலாகாது என்று நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

இன்னொரு வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுபவர் அவர் என்று குளியாளிகள் நம்பினர். அவர் கரையில் இருந்தாலன்றிக் கடலில் இறங்க மறுத்தனர். அவருக்கும் பங்கு உண்டு. மந்திரம் மனத்துக்குத் துணிவு தந்திருக்கும், ஐயமில்லை. ஆனால், மூச்சு முட்டும் வேளையில் குளியாளியை மேலே இழுத்தது கயிறேயன்றி மந்திரம் அன்று.

இன்றைய முக்குளிப்பு உலகிலும் கயிறும் உண்டு, மந்திரமும் உண்டு. கண்டிப்பான பயிற்சியே கயிறு. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சான்று அட்டை, பயிற்சியின்றிக் கிடைத்ததாயின், வெறும் மந்திரமே.

மூச்சை அடக்கினால் ஆபத்து

பயிற்சி ஏன் இவ்வளவு முக்கியம்? இயற்பியல் பாடத்தில் நாம் படித்த பாயில் விதியே விடை சொல்லும். கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் மேலும் ஒரு பங்கு அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் மேலே இழுப்பதைப்போல் நான்கு மடங்கு காற்று செலவாகும். மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர் அங்கே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

பழைய குளியாளி மேலே இழுத்த மூச்சோடு இறங்கி, அதே மூச்சோடு ஏறினார். மூச்சை அடக்குவதே அவர் கலை. சிலிண்டருடன் இறங்குபவரோ ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கிறார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஆகவே அவர் கற்க வேண்டிய முதல் பாடம், மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. தோழியரே, இதைக் கவனியுங்கள்! தந்தைக்கு உயிர் காத்த பழக்கமே மகனுக்கு உயிர் குடிக்கும் பழக்கமாகிறது. ஒரு நீரில் பெற்ற திறமை மற்றொரு நீரில் செல்லாது.

இரண்டாவது ஆபத்து இன்னும் நுட்பமானது. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் மெதுவாக வெளியேறும். விரைந்து ஏறினால், கோலி சோடாவைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதுபோல உடலுக்குள் குமிழிகள் தோன்றும். மூட்டுகளில் தாங்கொணா வலி, கால் மரத்தல், சில வேளைகளில் வாழ்நாள் முழுவதும் நடக்க இயலாத நிலை, மரணம் ஆகியவை இதன் விளைவுகள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எங்கெங்கே நின்று நின்று ஏற வேண்டும் என்று கணக்கிட்டு, 1908-இலேயே ஹால்டேன் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் அட்டவணை வெளியிட்டனர். நூறாண்டுகளுக்கு மேலாக உலகுக்குத் தெரிந்த உண்மை இது.

தெரிந்த உண்மை தேவையானவரை எட்டியதா? படகில் வைத்த கம்ப்ரஸரிலிருந்து நீண்ட குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு சங்கும் கடலட்டையும் தேடி இறங்கும் ஏழைத் தொழிலாளிகள் பல நாட்டுக் கடற்கரைகளில் உள்ளனர். இலங்கையின் வடபுலத்தில் சிலிண்டருடன் கடலட்டைக்கு மூழ்குவோரும் உளர். இவர்களுள் பலருக்கு அட்டவணையைக் கற்பித்தவர் எவரும் இல்லை. எஞ்சின் புகை காற்றுக் குழாயில் கலந்தால் அதுவே நஞ்சு என்று சொன்னவர் இல்லை. கால் மரத்துக் கரையேறியவர்களிடம் குற்றம் காண்பது எளிது. குளியாளியைக் கடலில் இறக்கி அவர் கொண்டுவரும் பொருளை விலைக்கு வாங்குகிறவர்கள் அவர் கயிற்றைப் பிடிக்கவில்லையே என்பதுதான் என் குற்றச்சாட்டு.

கணித ஆசிரியர் கற்பித்த பாடம்

திறந்த கடலில் ஏதேனும் தவறு நேர்ந்தால் மேலே வந்துவிட வழி உண்டு. நீர் நிறைந்த குகைக்குள் அந்த வழி இல்லை. தலைக்கு மேல் பாறை! வந்த வழியே திரும்பினாலன்றி மூச்சு இல்லை. அடியிலுள்ள வண்டல் ஒரு காலசைவில் கிளம்பிவிட்டால் தன் கையே தனக்குத் தெரியாது. மிக ஆழம் செல்லும் நுட்ப முக்குளிப்பிலோ, நைட்ரஜன் மதுவைப்போல் மதியை மயக்கும். அதைத் தவிர்க்க ஹீலியம் கலந்த வாயுக்களைச் சுவாசிக்க வேண்டும். நம்மை வாழ்விக்கும் ஆக்சிஜனே தூய நிலையில் 6 மீட்டருக்குக் கீழே வலிப்பை உண்டாக்கக்கூடும். ஆகவே எந்தச் சிலிண்டரை எந்த ஆழத்தில் வாயில் வைப்பது என்பதில் ஒரு பிழை வந்தாலும் திருத்தக் காலம் இராது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இத்தகைய நீர்க்குகைகள் மிகுதி. 1960-களிலும் 1970-களிலும் அங்கே இளைஞர் பலர் குகைகளில் மூழ்கி இறந்தனர். அவர்களுடைய மரணங்களை வெறுமனே விதி என்று விட்டுவிடாமல் ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர் ஷெக் எக்ஸ்லி. அவர் யார் தெரியுமா? ஓர் உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர்! தாமே குகைகளில் ஆயிரக்கணக்கான முறை மூழ்கியவர். 1979-இல் அவர் வெளியிட்ட சிறு நூல், விபத்துகளிலிருந்து விதிகளை வடித்தெடுத்தது. குகை வாயில் தொடங்கி அறுபடாத வழிக்கயிறு இடுக. காற்றில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்புவதற்கு வைத்துக்கொள்க. அளவுக்கு மீறிய ஆழம் செல்லற்க என்பன அவற்றுள் தலையாயவை. முறையான பயிற்சியும், ஒன்றுக்கு மூன்றாக விளக்குகளும் வேண்டும் என்பன பின்னர் உடன் சேர்க்கப்பட்டன.

மூன்றில் ஒரு பங்கு என்ற விதியை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். சிலிண்டரில் 210 அலகு காற்று இருப்பதாகக் கொள்வோம். 70 செலவானதும் திரும்பிவிட வேண்டும். திரும்பி வர 70 போதும். மீதி 70 எதற்கு? குகையின் கோடியில் தோழியின் காற்று முழுவதும் போய்விட்டால், அவள் வெளியே வருவதற்கு வேண்டிய 70 அது! ஆக, அந்த மூன்றாம் பங்கு என்னுடையது அன்று, என் தோழியினுடையது. "இன்னும் சிறிது தூரம் போவோம்" என்று நான் அதில் கை வைத்தால், அவளுடைய மூச்சைத் திருடுகிறேன் என்பதே பொருள். கணக்குப் பாடத்தில் இத்துணை அறம் அடங்கியிருக்கிறது!

இன்னொரு செய்தியும் நம் சிந்தனைக்குரியது. அங்குள்ள குகை வாயில்கள் பலவற்றில் நீருக்கடியிலேயே எச்சரிக்கைப் பலகை நாட்டியிருக்கிறார்கள். இத்தகைய குகைகளில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்றும், அவர்களுள் திறந்த நீரில் கற்பிக்கும் பயிற்றுநர்களும் உண்டு என்றும் அது அறிவிக்கிறது. பயிற்றுநர்களே இறந்தது எதனால்? கடலில் ஆசிரியராக இருந்தவர்கள் குகையில் தாம் மாணவரே என்பதை மறந்தனர். சங்கு குளித்த கையோடு கம்ப்ரஸர் குழாயைப் பற்றுபவருக்கும், ஆசிரியர் என்ற பட்டத்தோடு குகைக்குள் நுழைந்தவருக்கும் நேர்வது ஒரே ஆபத்துதான். தனக்குத் தெரிந்ததின் எல்லையை அறிந்து, அதற்கப்பால் மாணவரை அழைத்துச் செல்லாதிருப்பதே ஆசிரியரின் முதல் நேர்மை.

ஆசிரியரும் தேர்வாளரும் ஒருவரேயாயின்?

நம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எண்ணிப் பாருங்கள். கற்பிப்பவர் நம் ஆசிரியை; விடைத்தாளைத் திருத்துபவரோ வேறிடத்தில் அமர்ந்திருக்கும், நம் முகம் அறியாத ஒருவர். வாகனம் ஓட்டக் கற்பிப்பது ஓட்டுநர் பள்ளி. உரிமம் வழங்குவது அரசு அலுவலகம். இந்தப் பிரிவினை காரணமின்றி ஏற்பட்டதன்று.

முக்குளிப்பில் பெரும்பாலும் நிலைமை வேறு. பாடம் சொல்பவரே தேர்வு வைக்கிறார். அவரே தேர்ச்சி அளிக்கிறார். கட்டணம் பெறுவதும் அவரே. பல இடங்களில் உடையும் கருவியும் விற்பதும் அவர் கடையே. அவருக்கு உரிமை கொடுத்த அமைப்போ பெரும்பாலும் வழங்கப்படும் சான்றுகளைக் கொண்டே வருவாய் பெறுகிறது. மாணவி தேறவில்லை என்று சொன்னால் எல்லோருக்கும் நட்டம். தேறினாள் என்று சொன்னால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முதலில் மகிழ்பவள் மாணவியே! உண்மையைச் சொல்வதற்கு அங்கே ஒருவரின் மனச்சான்றைத் தவிர வேறு காவல் இல்லை. எல்லாப் பயிற்றுநரும் பேராசைக்காரர் என்று நான் கூறவில்லை. தம் கட்டணத்தைத் திருப்பித் தந்து மாணவரை மறுமுறை வரச் சொல்லும் நல்லாசிரியர்களும் உண்டு. ஆனால், நல்லவர்களை மட்டுமே நம்பி நிற்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடாகாது.

"மூன்றே நாளில் சான்றிதழ்", "நீச்சல் தெரியாதவர்களும் வரலாம்" என்ற விளம்பரங்களைச் சுற்றுலாத் தலங்களில் காண்கிறோம். பயிற்றுநர் கையைப் பிடித்தபடி ஆழமற்ற நீரில் ஒரு முறை இறங்கிப் பார்ப்பது வேறு. தனியே மூழ்கத் தகுதி பெற்றவர் என்று சான்றளிப்பது வேறு. முன்னது ஒரு காட்சி; பின்னது ஒரு வாக்குறுதி. வாக்குறுதிக்கு நாள் கணக்கு வைக்க இயலுமா? ஒருத்தி நான்கு நாளில் கற்பதை இன்னொருத்தி நாற்பது நாளில் கற்பாள். முகமூடிக்குள் நீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்ற வருகிறதா, காற்று நின்றால் தோழியிடமிருந்து வாங்கிச் சுவாசிக்க வருகிறதா என்பதே அளவுகோல். இரவில் புறப்படும் ரயிலுக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும் என்பது அளவுகோலாகாது.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில், குளிர்ந்த மலை ஏரியொன்றில் பயிற்சிக்கு இறங்கிய 18 வயது மாணவி ஒருத்தி உயிரிழந்தாள். நீர் புகாத உலர் உடை அவள் அணிந்திருந்தாள். ஆழம் செல்லச் செல்ல அந்த உடை உடலை இறுக்கும். அதனுள் காற்றுச் செலுத்த ஒரு குழாய் இணைக்க வேண்டும். அந்தக் குழாய் இணைக்கப்படவே இல்லை என்றும், எளிதில் கழற்றி எறிய முடியாதபடி அளவுக்கு மீறிய ஈயக் குண்டுகள் அவள் மீது இருந்தன என்றும் பின்னர் தொடுக்கப்பட்ட வழக்கில் கூறப்பட்டது. நம்மைப்போன்ற வயதினள்! கேள்வி கேட்கத் தெரியாத மாணவி, ஆசிரியர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் இறங்கினாள். அவள் தேடிப் போனது ஆபத்தை அன்று; கல்வியை.

இரு மறுப்புகள்

"விதி விதி என்று பேசினால் வீரம் எங்கே பிறக்கும்?" என்பார் சிலர். 2018-இல் தாய்லாந்தில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஜூன் 23 அன்று தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவரும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் மழைவெள்ளத்தில் சிக்கினர். ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் என்ற ஆங்கிலேயர் இருவர். குகை முக்குளிப்பு அவர்களுக்குத் தொழிலன்று; ஆண்டுக்கணக்கில் பழகிய கலை. ஜூலை 6 அன்று, குகைக்குள் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய சமன் குணான் என்ற முன்னாள் தாய்லாந்துக் கடற்படை வீரர் மூச்சிழந்து மாண்டார். பயிற்சி பெற்ற வீரரையே பலிகொண்ட குகை அது.

அச்சிறுவர்களுக்குச் சில நாளில் முக்குளிக்கக் கற்பித்து வெளியே கொண்டுவரலாமா என்ற கேள்வி எழுந்தது. அனுபவம் மிக்கோர் அது இயலாது என்றே முடிவு செய்தனர். அரைகுறையாகக் கற்ற சிறுவன் இருட்டில் பதறினால் அவனும் சாவான்; அழைத்து வருபவரும் சாவார். எனவே, ஆஸ்திரேலிய மயக்க மருத்துவரும் குகை முக்குளிப்பாளருமான ரிச்சர்டு ஹாரிஸ் ஒவ்வொருவருக்கும் மயக்க மருந்து கொடுத்தார். நினைவிழந்த நிலையில், ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாளில் பதின்மூவரும் உயிருடன் கொண்டுவரப்பட்டனர். உலகமே வீரம் என்று போற்றிய செயலின் உள்ளே இருந்தது எது? "சில நாளில் இதைக் கற்பிக்க முடியாது" என்ற நேர்மையான ஒப்புதல்! அதைச் சொல்லத் துணிந்தவர்களாலேதான் சிறுவர்கள் பிழைத்தனர்.

விதி வகுத்த எக்ஸ்லியே 1994 ஏப்ரல் 6 அன்று மெக்சிகோ நாட்டின் ஸக்காத்தோன் என்ற ஆழ்நீர்க் குழியில் மிக ஆழம் செல்ல முயன்று உயிர் நீத்தார். ஆகவே விதியால் பயனில்லை என்று கூறுவதா? ஆழத்தின் முன் பெரியோர் சிறியோர் என்ற வேறுபாடு இல்லை என்று கொள்வதே அறிவு. அவர் தம் உயிரைத் தாமே துணிந்து பணயம் வைத்தார். மாணவரின் உயிரைப் பணயம் வைக்க எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை.

"கண்டிப்பான பயிற்சிக்குச் செலவு மிகும், ஏழை எங்கே போவான்?" என்பது இரண்டாம் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. பணம் படைத்தவர் பொழுதுபோக்குக்கு மூழ்க உலகத்தரப் பயிற்சி. வயிற்றுக்காக மூழ்குபவருக்கு ஒன்றுமில்லை என்பது பெரும் அநீதி. அதற்குத் தீர்வு தரத்தைக் குறைப்பதன்று. செலவைப் பொதுவில் ஏற்பது. கொச்சியில் கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி இருக்கிறது. கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. அறிவும் ஆசிரியரும் நாட்டில் இல்லாமல் இல்லை. நம் கடற்கரைக் குளியாளிகளுக்கு அவர்கள் மொழியிலேயே, கட்டணமின்றி, அவர்கள் ஊரிலேயே அட்டவணையைக் கற்பிக்க ஏற்பாடு செய்வது அரசுக்கு இயலாத செயலா?

கட்டை விரலின் உரிமை

கட்டை விரலை உயர்த்தினால் "நன்று" என்று நாம் பொருள் கொள்கிறோம். நீருக்கடியில் அதற்குப் பொருள் வேறு: "நான் மேலே போகிறேன், இன்றைக்குப் போதும்." குகை முக்குளிப்போரிடம் ஒரு மரபு உண்டு. குழுவில் எவரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்கும் அந்த விரலை உயர்த்தலாம். உயர்த்தினால் எல்லோரும் திரும்ப வேண்டும். ஏன் என்று அங்கே கேட்கலாகாது. மேலே வந்தபின் ஏளனம் செய்யவும் கூடாது. மிக இளையவர் உயர்த்தினாலும் மிக மூத்தவர் கீழ்ப்படிய வேண்டும்.

பெண்பிள்ளைகளாகிய நமக்கு இம்மரபு மிகவும் வேண்டியது. பெரியவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அப்பணிவு நல்லதே. மாதா, பிதா, குரு, தெய்வம் என்ற வரிசையில் குருவை வைத்தவர்கள் நாம். அந்த இடம் அவருக்கு உரியதே. ஆனால், "பயமாக இருக்கிறது, எனக்கு இன்னும் சரியாக வரவில்லை" என்று மாணவி சொல்லும்போது, "எல்லோரும் போகிறார்கள், உனக்கு மட்டும் என்ன?" என்று கேலி செய்பவர் அந்த இடத்துக்கு உரியவர் அல்லர். மாணவியின் அச்சத்தை ஒரு செய்தியாக ஏற்றுக் காது கொடுப்பவரே குரு.

எனவே, எங்கேனும் நீரில் இறங்கக் கற்க நேர்ந்தால், பணம் கட்டுமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: எந்த ஆழம் வரை, எவ்வகை நீரில் கற்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு?

இரண்டாவது: ஒரே நேரத்தில் எத்தனை பேரை நீருக்குள் அழைத்துச் செல்வீர்கள்?

மூன்றாவது: உடல்நிலை பற்றிய கேள்வித்தாள் உண்டா? ஆஸ்துமா, காது நோய், இதய நோய் பற்றிக் கேட்கும் தாளில் "எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுது" என்பவரிடமிருந்து உடனே விலகிவிடுங்கள்.

நான்காவது: ஆபத்து நேர்ந்தால் கொடுக்க ஆக்சிஜன் படகில் இருக்கிறதா? எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வீர்கள்?

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: இதுவரை யாரையாவது தேறவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? "எங்களிடம் வந்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள்" என்ற விடை பெருமையாகத் தோன்றும். அஞ்ச வேண்டிய விடை அதுவே.

நம் கிணற்றங்கரையில்

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். நம் பக்கத்தில் பிள்ளைகள் நீச்சல் பழகுவது தோட்டத்துக் கிணற்றில். சுரைக்குடுக்கையையோ காலி டின்னையோ முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மாமாவோ சித்தப்பாவோ மேலே நின்று பிடித்துக்கொள்வார். தூத்துக்குடி மைத்துனனின் கயிறும் இதுவும் ஒன்றே! கை வலுத்ததென்று தெரிந்த பிறகே குடுக்கையைக் கழற்றுவார். இன்னும் சில நாள் கழித்தே கயிற்றை அவிழ்ப்பார். சான்றிதழ் கிடையாது, ஆனால், தரம் உண்டு.

அந்தக் கயிறு இன்று அறுந்து வருகிறது. விடுமுறையில் வரும் பிள்ளைகள் பெரியவர் துணையின்றிக் கிணற்றிலும் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளிலும் இறங்குகின்றனர். ஒருவன் மூழ்க, காப்பாற்றக் குதித்த மற்றொருவனும் மூழ்கிய செய்திகளை ஆண்டுதோறும் நாளேடுகளில் படிக்கிறோம். நீந்தத் தெரிவது வேறு. மூழ்குபவரைக் காப்பாற்றத் தெரிவது வேறு. பயிற்சியற்றவர் செய்யத்தக்கது குதிப்பதன்று. கயிற்றையோ, கம்பையோ, சேலையையோ எறிந்து, கரையில் நின்று இழுப்பதும் உதவிக்குக் கூவுவதுமே. ஒகேனக்கல்லுக்குச் செல்லும்போது பரிசலில் ஏறுமுன் உயிர்காப்பு உடையை அணிந்து, நாடாவைச் சரியாகக் கட்டிக்கொள்வதும் இதே பாடம்தான்.

நம் மாவட்டத்துப் பெண்கள் பள்ளிகளில் நீச்சலும், கயிறு எறிந்து காக்கும் முறையும் கற்பிக்கப்பட வேண்டும். கற்பிப்பவர் தகுதி பெற்ற பயிற்றுநராக இருக்க வேண்டும். தேர்வு வைப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். அவ்வாறே நம் நாட்டில் முக்குளிப்புப் பள்ளி நடத்துவோர் யாவரும் அரசில் பதிவு செய்து, ஆண்டுதோறும் சோதனைக்கு உட்பட வேண்டும். விபத்து நேர்ந்தால் மூடி மறைக்காமல், பெயர் சொல்லாமலாவது காரணத்தை ஊரறிய எழுத வேண்டும். எக்ஸ்லி செய்த தொண்டு அதுவே. இறந்தவரின் தவறு இருப்பவருக்குப் பாடமாகாவிடில் அந்த இறப்பு வீணாகும்.

நம் ஊருக்குப் பெயர் தந்த அதியமான், நீண்ட நாள் வாழ்விக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்பது நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்ட கதை. தனக்கு வரும் பயனைவிடப் பிறர் வாழ்நாளைப் பெரிதாக மதித்தான். கட்டணத்தை இழந்தேனும் மாணவியை "இன்று வேண்டாம்" என்று கரையில் நிறுத்தும் பயிற்றுநர் செய்வதும் அதுவே. தோழியரே, நாளை நம்முள் சிலர் ஆசிரியைகளாவோம், சிலர் செவிலியராவோம், பலர் தாய்மாராவோம். நம்மை நம்பி யாரோ ஒருவர் ஏதோ ஓர் ஆழத்தில் இறங்குவார். அன்று கயிறு நம் கையில் இருக்கும். கண்ணயராமல் பிடிப்போமாக!